தோட்டத்துப் பழைய வண்டி யார் தலைக்குப் பாரம்?

தோட்ட ஆபீஸ் பலகையில் இப்போதெல்லாம் ஒரு நோட்டீஸ் அடிக்கடி தொங்குகிறது. கம்பெனியின் பழைய வாகனங்கள் விற்பனைக்கு, தொழிலாளர்களுக்கு முன்னுரிமை என்று. ஒரு வேன், இரண்டு பிக்கப், கிராணிமார் ஓட்டிய மோட்டார் சைக்கிள்கள், எங்காவது ஒரு லேண்ட் ரோவர். அடியில் சின்ன எழுத்தில் ஒரு வரி இருக்கும்: "உள்ளது உள்ளபடி விற்கப்படும்." நம் ஆட்கள் விலையைப் படிக்கிறார்கள். அந்த வரியைப் படிப்பதில்லை. "எட்டாயிரம் வெள்ளிக்கு வேனா? வெளியே போனா இருபதாயிரம் கேப்பான்!" என்று மறுநாளே பேர் கொடுத்து விடுகிறார்கள்.

பாட்டாளித் தோழர்களே, வண்டி வாங்க வேண்டாமென்று சொல்ல இதை எழுதவில்லை. செம்பனைக் காட்டுக்குள் ஆறு மைல், ஏழு மைல் உள்ளே இருக்கிற நம் குடும்பங்களுக்கு வண்டி ஆடம்பரமல்ல. ஆஸ்பத்திரி பட்டணத்தில், இடைநிலைப் பள்ளி பட்டணத்தில், சந்தையும் அங்கேதான். பஸ் வருவது நின்று எத்தனையோ வருஷமாகிறது. வண்டி வேண்டும்தான். ஆனால் கம்பெனி இந்த வண்டியை ஏன் விற்கிறது, இதுவரை அதற்கு யார் செலவு செய்தார்கள், இனி யார் செய்யப் போகிறார்கள் என்ற கணக்கை நாம் போட்டுப் பார்க்க வேண்டும். பலர் போடுவதில்லை.

எண்பதுகளில் நம் தோட்டங்கள் எப்படி இருந்தன என்பது நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கு நினைவிருக்கும். காலையில் பிள்ளைகளைப் பள்ளிக்குக் கொண்டுபோவது தோட்டத்து லோரி. பிரசவ வலி கண்டால் தோட்டத்து வேன். மாரியம்மன் திருவிழாவுக்குச் சாமான் ஏற்றுவதும் அதே லோரிதான். அந்த லோரியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று போனது பெருமைக்குரிய பயணமல்ல. மழையில் நனைந்தோம், விழுந்தவர்களும் உண்டு. ஆனாலும் டயர் தேய்ந்தால் மாற்றுவது கம்பெனியின் பொறுப்பு. வரி கட்டுவதும் டிரைவருக்குச் சம்பளம் கொடுப்பதும் கம்பெனியின் பொறுப்பு. பிறகு பழம் ஏற்றுவது குத்தகைக்காரர் கைக்குப் போனது. தோட்டங்கள் கை மாறின, துண்டு துண்டாய் வீடமைப்புக்குப் போயின. கம்பெனிக்கு வண்டி தேவையில்லை என்றானது. நம் தேவை மட்டும் அப்படியே இருக்கிறது. ஏற்றிப் போவதை நிறுத்திய அதே நிர்வாகம், ஏற்றிப் போன வண்டியை நம்மிடமே விற்கிறது. வண்டியோடு வரியும், பழுதும், விபத்தானால் அதன் பொறுப்பும் சேர்ந்து வருகின்றன. இதைத்தான் நாம் புரிந்துகொள்ள வேண்டும்.

தானமாய் வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பார்கள். இது தானமல்ல. 2025இல் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி ஆனது. எட்டாயிரம் வெள்ளி என்றால் கிட்டத்தட்ட ஐந்து மாத உழைப்பு. பல்லைப் பிடித்துத்தான் பார்க்க வேண்டும். வாலையும் தூக்கிப் பார்க்க வேண்டும்.

முதலில் சாலை வரி. இதில் நமக்குக் கொஞ்சம் அனுகூலமும் உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. தீபகற்பத்தில் 1,600 சி.சி. சலூன் கார் கம்பெனி பெயரில் இருந்தால் வருஷத்துக்கு 180 வெள்ளி வரி. அதே கார் தனி ஆள் பெயருக்கு மாறினால் 90 வெள்ளி. 2,000 சி.சி. என்றால் கம்பெனிக்கு 760, தனி ஆளுக்கு 380. சரி பாதி. ஆனால் தோட்டத்தில் விற்பனைக்கு வருவது பெரும்பாலும் சலூன் கார் அல்லவே! ஜீப் வகை வண்டிக்கு வேறு கணக்கு. 2,500 சி.சி. லேண்ட் ரோவர் என்றால் தனி ஆளுக்கே வருஷத்துக்கு 840 வெள்ளி. நாம் ஓட்டுகிற 150 சி.சி.க்கு உட்பட்ட மோட்டார் சைக்கிளுக்கு வரி வெறும் 2 வெள்ளி. இரண்டு வெள்ளி கட்டிப் பழகியவன் எண்ணூற்று நாற்பது வெள்ளி நோட்டீஸைக் கண்டால் என்ன செய்வான்? "அடுத்த மாசம் பாத்துக்கலாம்" என்பான். அடுத்த மாதமும் அதையே சொல்வான். தோட்டத்துக்குள் எத்தனை வண்டிகள் இப்படி வரி செத்துப்போய் ஓடுகின்றன என்பது நமக்குத் தெரியாததல்ல.

வரி செத்தால் அபராதத்தோடு போய்விடும் என்று பலர் நினைக்கிறார்கள். காப்புறுதி இல்லாமல் வரி எடுக்க முடியாது. ஆகவே வரி இல்லாத வண்டி பெரும்பாலும் காப்புறுதியும் இல்லாத வண்டி. 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி காப்புறுதி இல்லாமல் ஓட்டுவது குற்றம். அபராதம் மட்டுமல்ல, சிறைக்கும் அதில் இடமிருக்கிறது. அதைவிடக் கொடுமை, எதிரே வந்தவன் மேல் மோதிவிட்டால் அவன் குடும்பத்துக்குக் கொடுக்க வேண்டிய நஷ்டஈடு நம் சொந்தத் தலையில் விழும். சேமநிதிப் பணமெல்லாம் அதற்கு எந்த மூலைக்கு!

முன்பு கண்ணாடியில் ஒட்டிய தாளைப் பார்த்தே வரி இருக்கிறதா இல்லையா என்று சொல்லிவிடலாம். 2023 பிப்ரவரி 10ஆம் தேதியிலிருந்து தனியார் வாகனங்களுக்கு அந்தத் தாளை ஒட்டத் தேவையில்லை என்று ஆகிவிட்டது. எல்லாம் கைப்பேசியில். வசதிதான். ஆனால் வாங்குகிறவன் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ள வழியில்லாமல் போயிற்று. வீட்டில் படித்த பிள்ளை இருந்தால், பணம் கொடுக்குமுன் அந்த வண்டியின் வரி என்று முடிகிறது, சம்மன் பாக்கி உண்டா என்று பார்க்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் சாலைப் போக்குவரத்து இலாகா கவுண்டருக்கே போய்க் கேளுங்கள். கறுப்புப் பட்டியலில் ஏறிய வண்டிக்குப் பெயர் மாற்றமும் நடக்காது, வரியும் கிடைக்காது.

இனி பரிசோதனை. புஸ்பாகோம் என்ற பெயர் நம் லோரி டிரைவர்களுக்குத் தண்ணீர் பட்ட பாடு. 1994இல் வாகனப் பரிசோதனை தனியாரிடம் விடப்பட்டபோது வந்தது அது. நாடு முழுவதற்கும் அது ஒன்றுதான் என்றிருந்த தனியுரிமை 2024 ஆகஸ்டு 31ஆம் தேதியோடு முடிந்தது. யார் பரிசோதித்தாலும் விதி ஒன்றுதான்: சரக்கு லோரி, பஸ், டாக்சி போன்ற வர்த்தக வாகனங்கள் 6 மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனைக்குப் போக வேண்டும். பிரேக் பிடிக்கிறதா, புகை எவ்வளவு, அடிப்பாகம் துருப்பிடித்திருக்கிறதா, விளக்கு சரியா என்று பார்ப்பார்கள். தனியார் காருக்கு அப்படி வருஷா வருஷம் கிடையாது. கை மாறும்போது ஒருமுறை பார்க்கிறார்கள், அவ்வளவுதான். அந்த ஒருமுறையிலும் முக்கியமாகத் தேடுவது வண்டியின் அடையாளத்தை. சேசிஸ் எண்ணும் இயந்திர எண்ணும் பேப்பரில் உள்ளபடி இருக்கின்றனவா, வெட்டி ஒட்டிய வண்டியா, திருட்டு வண்டியா என்பதை. அது அவசியமான வேலை. ஆனால் "புஸ்பாகோம் பாஸ் ஆயிடுச்சு, இனி அஞ்சு வருஷத்துக்குக் கவலையில்லே" என்று நம் ஆட்கள் சொல்வதைக் கேட்கும்போது பயமாக இருக்கிறது. பாஸ் என்பது அந்த ஒரு நாளைக்குத்தான். பரிசோதனை நாளுக்கு மட்டும் நல்ல டயரை வாடகைக்கு எடுத்து மாட்டிவிட்டு, சாயங்காலம் கழற்றிக் கொடுக்கிற வழக்கம் லோரித் தொழிலில் உண்டென்பது ஊரறிந்த ரகசியம்.

அதன் விலை என்ன என்பதை 2025 மே 13ஆம் தேதி தெலுக் இந்தானில் பார்த்தோம். சித்ரா பௌர்ணமி விழாவில் நம் மக்களின் கூட்டத்துக்குக் காவல் நின்று, பணி முடித்து ஈப்போவுக்குத் திரும்பிக்கொண்டிருந்த கலகத் தடுப்புப் போலீசாரின் லோரி மீது கல் ஏற்றி வந்த லோரி மோதியது. 9 பேர் மாண்டார்கள். நம் திருவிழாவுக்குக் காவல் நின்றவர்கள் வீடு போய்ச் சேரவில்லை. கல் லோரியின் ஸ்டியரிங் செயலிழந்ததும், அளவுக்கு மீறிய பாரமும் விசாரணையில் வெளிவந்தன. ஸ்டியரிங் திடீரென்று ஒரே நாளில் கெட்டுவிடுவதில்லை. முன்கூட்டியே ஆட்டம் காட்டும், சத்தம் போடும். அந்தச் சத்தத்தைக் கேட்டுப் பட்டறைக்கு அனுப்ப ஓர் ஆள் வேண்டும், அதற்குச் செலவழிக்க மனம் வேண்டும். கீழ்ப் பேராக் தோட்டங்களில் வேலை செய்கிறவர்களுக்கு அந்தச் சாலையும் அந்த மாதிரி லோரிகளும் அன்றாடக் காட்சி.

இங்கேதான் கம்பெனி வண்டிக்கும் நம் வண்டிக்கும் உள்ள வித்தியாசம் வருகிறது. கம்பெனி வண்டிக்குப் பராமரிப்புப் புத்தகம் ஒன்று இருக்கும். எந்தத் தேதியில் பிரேக் மாற்றியது, எப்போது கியர் பெட்டியை இறக்கியது என்று பட்டறைக் கிராணி எழுதி வைத்திருப்பார். அந்தப் புத்தகத்தை நம்மிடம் கொடுக்கிறார்களா? நாம் கேட்ட தோட்டங்களில் பெரும்பாலும் இல்லை. "அது ஆபீஸ் ரெக்கார்ட்" என்கிறார்கள். பேராக்கில் ஒரு தோட்டத்தில் நம் அங்கத்தினர் ஒருவர் வாங்கிய வேனுக்கு மூன்றே மாதத்தில் பிரேக் முழுவதும் மாற்ற வேண்டியதாயிற்று. அதே பிரேக்குக்காக அந்த வேனை இரண்டு தடவை ஓரங்கட்டியிருந்தார்கள் என்பது பட்டறையில் வேலை செய்தவர் வாய்வழியாகப் பிறகுதான் தெரியவந்தது. புத்தகம் கையில் இருந்திருந்தால் விலை பேசும்போதே தெரிந்திருக்கும். வண்டியின் சரித்திரம் நிர்வாகத்திடம் இருக்க, வண்டி மட்டும் நம்மிடம் வருவது என்ன நியாயம்?

அரசாங்க வண்டி வாங்குகிறவர்களும் நம்மில் இருக்கிறார்கள். இலாகாக்கள் பயன்படுத்தி ஓய்ந்த வாகனங்களை டெண்டர் மூலமும் ஏலத்திலும் விற்கின்றன. லெலோங் என்றால் நம் மக்களுக்குத் திருவிழா மாதிரி. விற்குமுன் பொதுப்பணி இலாகாவின் இயந்திரப் பகுதி வண்டியைப் பார்த்து, இனி இதற்குச் செலவு செய்வது கட்டாது என்று சான்று எழுதுகிறது. அதை ஒரு நிமிஷம் யோசித்துப் பாருங்கள். சொந்தப் பட்டறையும் சம்பளம் வாங்கும் ஃபோமன்களும் உள்ள அரசாங்கத்துக்கே செலவு கட்டுபடியாகாத வண்டி, மாதம் 1,700 வெள்ளி வாங்குகிறவனுக்கு எப்படிக் கட்டுபடியாகும்? எல்லா வண்டியும் அப்படியல்ல. நல்ல கையில் ஓடிய வண்டியும் கிடைக்கும். வேலை தெரிந்தவன் பார்த்து எடுத்தால் லாபமே. ஆனால் சில வண்டிகள் சாலையில் ஓட்டுவதற்காக விற்கப்படும், சில பழைய இரும்பாக மட்டும் விற்கப்படும். டெண்டர் தாளில் அது எழுதியிருக்கும், மலாய் மொழியில், வரி வரியாக. படிக்காமல் பெட்டியில் போட்டுவிட்டு, பிறகு "பேர் மாத்த முடியலையே" என்று சங்க ஆபீசுக்கு வந்தால் நாம் என்ன செய்வது?

இராணுவ வண்டி மோகம் தனி. இஸட் எழுத்தில் தொடங்கும் எண் பலகையோடு ஓடிய வண்டி, பொது மக்கள் கைக்கு வரும்போது புதிதாகப் பதிவாகி வேறு எண் பெற வேண்டும். கேமரன் மலைக்குப் போனால் காய்கறித் தோட்டங்களில் எத்தனை கிழட்டு லேண்ட் ரோவர்கள் இன்னும் முட்டைக்கோஸ் சுமக்கின்றன என்று பார்க்கலாம். அதைப் பார்த்துவிட்டு வந்து "இரும்பு வண்டி, சாகாது" என்கிறார்கள். வண்டி சாகாதுதான்! மலைச் சரிவில் பிரேக் இல்லாத வண்டிக்குள் இருக்கிறவன் கதை வேறு. இன்னொன்று, இவை பெரும்பாலும் டீசல் வண்டிகள். தீபகற்பத்தில் 2024 ஜூன் 10ஆம் தேதி டீசல் லிட்டர் 2 வெள்ளி 15 காசிலிருந்து 3 வெள்ளி 35 காசுக்கு ஏறியது. தகுதியுள்ள டீசல் வண்டிக்காரர்களுக்கு மாதம் 200 வெள்ளி உதவி அப்போது அறிவிக்கப்பட்டது; அதற்கும் வண்டி நம் பெயரில் பதிவாகி, சாலை வரி உயிரோடு இருக்க வேண்டும். பெயர் மாற்றாமல் ஓட்டியவர்களுக்கு அது எட்டாக் கனி.

இந்தப் பெயர் மாற்றம்தான் நம்மிடையே பெரிய தலைவலி. "கெரான் பின்னாடி தாரோம், நீ வண்டியை எடுத்துட்டுப் போ" என்று யார் சொன்னாலும், அது மானேஜரே ஆனாலும், பணத்தைக் கொடுக்காதீர்கள். கெரானில் யார் பெயரோ வண்டி அவருடையது. வங்கிக் கடன் பாக்கியிருந்தால் வங்கி தன் உரிமையை விடுவிக்கும்வரை பெயர் மாறாது. பட்டணத்தில் "சம்போங் பாயார்" என்று ஒரு வியாபாரம் நடக்கிறதே, இன்னொருவர் கடனை நாம் தொடர்ந்து கட்டுவது, அதில் மாட்டியவர்கள் நம் லயங்களில் குறைவில்லை. ஒழுங்காகத் தவணை கட்டியும் ஒரு நாள் காலையில் வங்கியின் ஆள் வந்து வண்டியை இழுத்துப் போவான். கேட்க நமக்கு வாயில்லை, ஏனென்றால் காகிதத்தில் நாம் இல்லை.

நிர்வாகமே தவணைக்குக் கொடுத்துச் சம்பளத்தில் பிடித்துக்கொள்கிறோம் என்று சொன்னால் காதுக்கு இனிமையாகத்தான் இருக்கும். 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 24ஆவது பிரிவு, சம்பளத்தில் எதைப் பிடிக்கலாம், எதற்குத் தொழிலாளியின் எழுத்து மூலச் சம்மதம் வேண்டும், எதற்குத் தொழிலாளர் இலாகாவின் அனுமதி வேண்டும் என்று வகுத்திருக்கிறது. மொத்தப் பிடித்தம் பொதுவாக மாதச் சம்பளத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. வெள்ளைத் தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு இஷ்டத்துக்குப் பிடிப்பது அந்தச் சட்டத்துக்குள் அடங்காது. அதோடு, கம்பெனிக்குக் கடன்பட்டவன் சம்பள உயர்வு பேசும்போது எப்படி வாய் திறப்பான்? அதையும் சிலர் கணக்குப் பண்ணித்தான் கடன் கொடுக்கிறார்கள்.

தோட்டம் விற்கப்பட்டு வேலை போகிற இடங்களில் இது இன்னும் மோசம். 1980ஆம் ஆண்டு விதிகளின்படி, 5 வருஷமும் அதற்கு மேலும் வேலை செய்தவருக்கு வருஷத்துக்கு 20 நாள் சம்பளம் என்ற கணக்கில் பணிநீக்க உதவித்தொகை கிடைக்க வேண்டும். அந்தத் தொகையில் "வேனை எடுத்துக்கோ, மிச்சத்தை ரொக்கமா வாங்கிக்கோ" என்று பேரம் பேசுகிறார்கள். பணத்தைப் பணமாகவே வாங்குங்கள். பிறகு வேன் பிடித்திருந்தால், ஃபோமனைக் கூட்டிப் போய்ப் பார்த்து, விலை பேசி வாங்குங்கள். இரண்டும் வேறு வேறு கணக்கு.

வேன் வாங்கியவர் அதைச் சும்மா நிறுத்தி வைப்பதில்லை. பக்கத்து லயத்துப் பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றிப் போவார், தலைக்கு மாதம் இவ்வளவு என்று. காலையில் பத்துப் பேரை வேலைக்கு ஏற்றிப் போவார். உபகாரமும் ஆயிற்று, தவணைக்கும் ஆயிற்று. அவரைக் குறை சொல்ல நமக்கு மனம் வரவில்லை. கம்பெனி விட்ட வேலையை அவர் செய்கிறார். ஆனால் கூலி வாங்கி ஆள் ஏற்ற 2010ஆம் ஆண்டு தரைப் பொதுப் போக்குவரத்துச் சட்டப்படி லைசன்ஸ் வேண்டும். தனியார் வண்டிக்கு எடுக்கிற மூன்றாம் தரப்புக் காப்புறுதியில் வண்டிக்கு உள்ளே உட்கார்ந்திருக்கிறவர்கள் அடங்க மாட்டார்கள். அவர்களுக்கான பொறுப்பைத் தனியாகக் கேட்டு, தனிக் காசு கட்டிச் சேர்க்க வேண்டும். சேர்த்திருந்தாலும், தனியார் வண்டியென்று சொல்லிக் கூலிக்கு ஓட்டியது தெரிந்தால் காப்புறுதிக் கம்பெனி கையை விரிக்கும். பத்துப் பிள்ளைகள் உட்கார்ந்த வேன் வாய்க்காலில் கவிழ்ந்தால் அந்தப் பத்துக் குடும்பங்களும் யாரிடம் போய் நிற்கும்? வேன்காரர் லயத்து வாசலில்தான். அவரும் நம்மவர், அவர்களும் நம்மவர்கள்.

வேலைக்குப் போகும் வழியிலும் திரும்பும் வழியிலும் நடக்கும் விபத்துக்கு, 1969ஆம் ஆண்டுச் சட்டப்படி சொக்சோவில் பாதுகாப்பு உண்டு. யாருடைய வண்டியில் போனாலும் சரி. வழியில் சொந்தக் காரியமாக வேறு பக்கம் திரும்பியிருக்கக் கூடாது, போலீஸ் புகார் உடனே செய்திருக்க வேண்டும். பள்ளிப் பிள்ளைக்கும், சந்தைக்குப் போன பாட்டிக்கும் அது இல்லை.

தோட்டத்துக்குள்ளேயே ஓடும் டிராக்டர், டிரெய்லர் விஷயமும் இதைச் சேர்ந்ததே. பொதுச் சாலைக்கு வராத வண்டி என்று சொல்லி வரியும் பரிசோதனையும் இல்லாமல் ஓட்டுகிறார்கள். ஆனால் எந்தத் தோட்டத்தில்தான் ஒரு டிவிஷனிலிருந்து இன்னொரு டிவிஷனுக்கு அரசாங்க ரோட்டைத் தாண்டாமல் போக முடிகிறது? தாண்டுகிற அந்த நூறு அடியில் அது பொதுச் சாலை வாகனம். அதன் மேல் உட்கார்ந்து போகிறவர்கள் நம் பெண்கள்.

நாம் நிர்வாகங்களிடம் கேட்பது பெரிய காரியமல்ல. தொழிலாளிக்கு விற்கும் வண்டியைக் கம்பெனி தன் செலவில் முழுப் பரிசோதனைக்கு அனுப்பி, அந்தத் தாளைப் பலகையில் விலையோடு சேர்த்து ஒட்டட்டும். பராமரிப்புப் புத்தகத்தை வண்டியோடு கொடுக்கட்டும். பெயர் மாறிய பிறகே பணம் என்று வைக்கட்டும். பேருக்கு முன்னுரிமை கொடுத்தால் போதாது. இதற்கு மேல் ஒன்று, இதுதான் தலையானது: வண்டியை விற்றுவிட்டதால் பிள்ளைகளைப் பள்ளிக்கும் நோயாளியை ஆஸ்பத்திரிக்கும் கொண்டுபோகிற பழக்கம் ஒழிந்துவிட்டதாக எழுதிக் கொடுக்க நாம் சம்மதிக்கக் கூடாது. சில தோட்டங்களில் விற்பனைக் காகிதத்தோடு சேர்த்து, இனிப் போக்குவரத்து வசதி கோரமாட்டோம் என்ற வரியிலும் கையெழுத்து வாங்குவதாகக் கேள்விப்படுகிறோம். அப்படிப்பட்ட தாள் உங்கள் கைக்கு வந்தால் கையெழுத்துப் போடாமல் முதலில் கிளைச் செயலாளரிடம் கொண்டு வாருங்கள். கெரானின் நகல் ஒன்று, விற்பனை நோட்டீஸின் நகல் ஒன்று, கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு, இவற்றையும் கையோடு எடுத்து வந்தால் அங்கேயே உட்கார்ந்து பார்த்துச் சொல்ல முடியும்.